பெலகேயாவின் வீட்டுக்காரர் படம்

பெலகேயா: மூக்கு இவ்வளவு பெருசா, அர்ஹிப் நிக்கனோரிச்? என் வீட்டுக்காரர் மாவு வியாபாரிங்க. மூக்கு வியாபாரி இல்ல.

அர்ஹிப்: நீங்கதானே எடுப்பான மூக்குன்னீங்க, பெலகேயா சவ்விஷ்னா? செத்துப்போனவரை நீங்க சொல்லச் சொல்லத்தானே வரையறேன்...

பெலகேயா: சரி, குறைங்க. கண்ணுல கொஞ்சம் இரக்கம் வையுங்க.

அர்ஹிப்: அவ்வளவு இரக்கமானவரா?

பெலகேயா: அவரா! படத்துலயாவது இருக்கட்டுமேன்னுதான்.

அர்ஹிப்: இதுக்குத்தான் எனக்குச் சாமி படமே பிடிக்கும். புனித நிக்கலாய்க்குப் பொண்டாட்டி கிடையாது. மூக்கைக் குறைன்னு கேக்க யாரும் வர மாட்டாங்க.

பெலகேயா: அப்புறம் எதுக்கு வியாபாரிங்க மூஞ்சியை வரைய வந்தீங்களாம்?

அர்ஹிப்: சின்ன வயசுல மடத்துலதான் படம் எழுதக் கத்துக்கிட்டேன். நோன்பு காலம் பூரா முட்டை மஞ்சக்கருவைச் சாயத்துல கலக்கலாம், தின்னக் கூடாது. அதையே பாத்துப் பாத்து... ஓடி வந்துட்டேன். வியாபாரிங்க வீட்ல வெண்ணெய் ஊத்தி பிளினி தோசை போடறாங்க.

பெலகேயா: ரொம்பத்தான் பக்தி! ...நில்லுங்க. இடது புருவத்துல என்ன அது?

அர்ஹிப்: தழும்பு.

பெலகேயா: தழும்பைப் பத்தி நான் சொல்லவே இல்லையே.

அர்ஹிப்: கை... தானா போயிடுச்சு.

பெலகேயா: கைக்கு யாரு சொன்னாங்க?

அர்ஹிப்: டீ ஆறுது, குடிங்க.

பெலகேயா: ஆறட்டும்.

அர்ஹிப்: ...எப்படிக் காலமானாருன்னீங்க?

பெலகேயா: போன குளிர்காலத்துல வோல்கா ஆத்துப் பனி உடைஞ்சு, வண்டியோட உள்ள போயிட்டாரு. உடம்பு கிடைக்கல.

அர்ஹிப்: கோஸ்த்ரோமா ஊரே நம்பிடுச்சாக்கும்?

பெலகேயா: பாதிரியார் ஜெபம் பண்ணாரு. மாமியார்கூட அழுதாங்க! கொழுந்தன் மட்டும், அண்ணன் வருவான்னு கடையைத் தர மாட்டேங்கறான். கறுப்புத் துணி கட்டி இந்தப் படத்தை மாட்டிட்டா, அவனும் அடங்கிடுவான்.

அர்ஹிப்: அம்மா... மனசைத் திடப்படுத்திக்குங்க.

பெலகேயா: எதுக்கு? இன்னொரு தழும்பு இருக்கா?

அர்ஹிப்: கிண்டல் வேண்டாம். அவர் சாகல. இந்த வசந்தத்துல ரீபின்ஸ்க் ஊர்ல அவரை நேர்ல உக்கார வெச்சு வரைஞ்சேன். பக்கத்துல... புதுப் பொண்டாட்டி. மூக்கு வந்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல.

பெலகேயா: தெரியும். அந்தப் படத்தை அவங்க வீட்டு முன்கூடத்துல பாத்துட்டு, கீழ இருந்த உங்க பேரை வெச்சு விசாரிச்சுத்தான் வந்தேன். அச்சு அசலா அவரேதான்னு கொழுந்தன் சொல்லணும். அங்க கல்யாணத்துக்கு வரைஞ்ச கை, இங்க சாவுக்கும் வரையட்டும்.