ஆடிய தோள்

காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ளாதீர்கள். சுற்றிலும் கரும்பு விளைகிற ஊர். கள்ளக்குறிச்சி டீக்கடைக்காரனுக்குச் சர்க்கரையை அளந்து போடுவது கௌரவக் குறைச்சல். சென்னையிலிருந்து விசாரணைக்கு வந்த நீங்கள் என்னை மிகவும் மரியாதையாகத்தான் நடத்தினீர்கள். நேற்று வரைக்கும் நான் வாயைத் திறப்பதாக இல்லை. சாயங்காலம் கிளம்பும்போது ஒன்று சொன்னீர்களே, “அந்த நரம்பு அங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாம போயிருக்கும் டாக்டர், அப்படியே முடிச்சிடலாம்” என்று. அதுதான் பொறுக்கவில்லை.

தெரியாமலாம். உடற்கூறியலில் பதக்கம் வாங்கியவன் இந்தக் காசிநாதன். பாடப்புத்தகத்தில் அதற்குத் துணை நரம்பு என்று பெயர். மண்டையோட்டின் அடியிலிருந்து இறங்கி, கழுத்துத் தசையைத் துளைத்துக்கொண்டு, தோளை நோக்கிச் சாய்வாகப் போகும். வெந்த சேமியா பருமன். மேலே தோலும் கொஞ்சம் கொழுப்பும்தான் மூடியிருக்கும். தோளைத் தூக்கி நிறுத்துகிற அவ்வளவு பெரிய தசை அந்த ஒற்றை இழையை நம்பித்தான் இருக்கிறது. நெறிக்கட்டிகள் அதை ஒட்டியே கிடக்கும். முதல் வருஷ மாணவன்கூட இதைத் தூக்கத்தில் ஒப்பிப்பான்.

செவ்வந்தி கச்சிராயபாளையத்துக்காரி. அவளும் புருஷன் ராசுவும் கரும்பு வெட்டப் போகிறவர்கள். அவர்கள் மேஸ்திரி ஜோடி ஜோடியாகத்தான் ஆள் எடுப்பார். புருஷன் வெட்டிப் போட, பெண்டாட்டி கரும்புக் கட்டைத் தலையில் ஏற்றிச் சாய்ந்த பலகை மேல் நடந்து லாரியில் சேர்க்க வேண்டும். ஒருவர் விழுந்தால் மற்றவருக்கும் வேலை கிடையாது. அவள் வலப்பக்கக் கழுத்தில் கட்டி. காசநோயாக இருக்கலாம், ஒன்றை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். சின்ன வேலை என்று கழுத்து மரத்துப்போக ஊசி போட்டு, ஆளை விழிப்பாகவே வைத்துச் செய்தேன்.

கட்டியை ஒட்டியிருந்த இழையை வெறும் சவ்வு என்று எண்ணி இடுக்கியால் பிடித்தேன். அவள் தோள் துள்ளியது.

“ஆடாத.”

“நான் ஆடலைங்க. அதுவா எகிறுதுங்க.”

“எனக்கே சொல்லித் தரியா? மூச்சு விடாம படு.”

மறுபடி பிடித்தேன், மறுபடி துள்ளியது. இந்த மாதிரி சனங்கள் மேசையில் படுத்தால் நெளியத்தான் செய்வார்கள், நமக்கு அது பழக்கம். வெட்டினேன். அதன் பிறகு தோள் துள்ளவில்லை. அவள் ஆடவே இல்லை, நான் நரம்பைக் கிள்ளக் கிள்ளத் தசை துள்ளியிருக்கிறது என்று எனக்கு அந்த நொடியே விளங்கிவிட்டது. என் அறியாமைக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இதைச் சரிசெய்ய வழி உண்டு. புதுச்சேரியில் நுண்ணோக்கி வைத்து இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள். இடைவெளி இருந்தால் கெண்டைக்காலிலிருந்து ஒரு துண்டு நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவார்கள். நரம்பு மெல்ல மெல்ல வளர்ந்து தசையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்குள் செய்தால் பெரும்பாலும் தோள் எழுந்துவிடும். வருஷம் தாண்டிவிட்டால் தசை வற்றிவிடும், எந்தக் கெட்டிக்காரன் தைத்தாலும் பிரயோசனம் இல்லை. ஆனால் திறந்தால் வெட்டு தெரியும். அங்கே அந்த வேலையைச் செய்கிறவன் என்னோடு படித்தவன், பரீட்சை ஹாலில் என் முதுகைப் பார்த்தே பாஸ் செய்தவன். அவன் என் வெட்டைப் பார்த்துச் சிரிக்க நான் இடம் கொடுப்பேனா?

தையல் பிரிக்க வந்த அன்றே அவள் தோள் சரிந்திருந்தது. முதுகில் தோள்பட்டை எலும்பு புடைத்துக்கொண்டு நின்றது.

“தலை வாரக்கூடக் கை மேல போவ மாட்டேங்குதுங்க. கட்டை எப்பிடிங்க தூக்குவேன்?”

“அன்னிக்கு ஆடினே இல்ல, அதான். போகப் போக சரியாயிடும்.”

உடனே நம்பிவிட்டாள். டாக்டர் ஒன்று சொன்னால் தன் உடம்பு சொல்வதைக்கூடத் தள்ளிவிடுகிற சனங்கள். மாதாமாதம் வந்தாள். வலித் தைலம் கொடுத்தேன், மாத்திரை கொடுத்தேன், சுவரில் விரலால் ஏறிப் பழகச் சொன்னேன். ஒருமுறை ராசு, “பாண்டிக்கு இட்டுக்கினு போவட்டுங்களா?” என்று கேட்டான். அங்கே போனால் மறுபடி கிழித்து உள்ளதையும் கெடுத்துவிடுவார்கள் என்றேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

மேஸ்திரி அவர்களைக் கழித்துவிட்டு வேறு ஜோடியைச் சேர்த்துக்கொண்டார். ராசு என் எதிரிலேயே அவளைப் பார்த்துக் கத்தினான்: “ஒழுங்கா படுத்துக்கினு இருந்திருந்தா இப்டி ஆயிருக்குமா? இன்னா அவசரம் உனுக்கு?” அவள் குனிந்த தலை நிமிரவில்லை. நான்தான் சமாதானம் செய்தேன். “விடுப்பா, தெரியாம ஆடிட்டா” என்றேன்.

அடுத்த வெட்டுக்காலமும் வந்து போனது. அவள் தோளில் விரல் வைத்து அழுத்தினேன், எலும்புதான் தட்டியது. அன்றைக்கு நானே அவளைப் புதுச்சேரிக்குப் போகச் சொன்னேன். இனி யாரும் நரம்பைத் தைக்கத் திறக்க மாட்டார்கள். ஆனால் என்னோடு படித்த அந்தப் பயல் மின்சோதனை செய்தே கண்டுபிடித்துப் புகார் கொடுத்துவிட்டான். அவ்வளவு மூளையை அவனிடம் நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் முன்னால் அவள் சொன்னது நினைவிருக்கிறதா? “டாக்டரு மேல தப்பு இல்லைங்க. நாந்தான் ஆடிட்டேன்.” உங்களுக்குக் கண் கலங்கியது. எனக்குச் சிரிப்பை அடக்குவது கஷ்டமாக இருந்தது.

ஆகவே இப்படி எழுதிக்கொள்ளுங்கள். வெட்டியது கைத்தவறு. அதற்குப் பிறகு நடந்த எதுவும் தவறு இல்லை, தெரிந்தே செய்தது. தைத்தால் எழுந்திருக்கக்கூடிய தோளை, தைத்தும் பயனில்லாத நாள் வரும்வரை என் எதிரில் உட்காரவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பட்டத்தைப் பிடுங்குங்கள், ஜெயிலில் போடுங்கள், அறியாமை என்ற சொல் மட்டும் என் பெயருக்குப் பக்கத்தில் வரக் கூடாது.

இருந்தாலும், மனசாட்சியோடு ஒன்று சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவள் கொஞ்சம் ஆடாமல் படுத்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.