நாத்துனாவுக்கு ஒரு கத்தி

இல்லீங்க மாதையண்ணா, இத ஒருக்கா உங்க கையால தொட்டுப் பாருங்க. கத்தியா இது? இதுக்குத் தேங்கா ஓடே தேவல! இரும்புக்கட வெச்சு இருவது வருசம்னு பெருமையாச் சொல்றீங்க… தருமபுரி டவுன்ல இத்தன கட இருக்க, உங்ககிட்ட வந்தேன் பாருங்க, எம்புத்தியச் சொல்லணும்.

ஆளு யாருன்னு தெரியலயா? ஞானமேரிங்க, பொம்மிடி. போன மாசம் வந்து பதினாலு கத்திய எடுத்துப் போடச் சொல்லி, ஒவ்வொண்ணா நகத்துல வெச்சுப் பாத்து, நீங்க மத்தியானச் சோத்துக்கு வெச்சிருந்த வெள்ளரிக்காயக்கூட அரிஞ்சு பாத்தனே… ஆங், அவளேதான்! ஏன் மூஞ்சி அப்பிடிப் போவுது? உக்காருங்க, உக்காருங்க.

இது என் நாத்துனாவுக்கு வாங்குனதுங்க. வூட்டுக்காரரோட ஒரே தங்கச்சி, ராஜமேரி. மாரண்டஹள்ளில குடுத்திருக்குது. புதுசா வூடு கட்டியிருக்கறோம், சர்ச்சு சாமியாரு வந்து வூட்ட மந்திரிக்கறாரு, வந்துருங்கன்னு பத்திரிக அனுப்பிச்சா. மூணு வருசமா எங்களோட பேச்சு வார்த்த இல்லீங்க. எதுக்குன்னு கேக்காதீங்க, ஒண்ணுமில்லாத விசயம். ஆனா எங்க வூட்டுக்காரரு இன்னாசிராஜு இருக்காரே, சந்தையில மாரண்டஹள்ளித் தக்காளின்னு சொன்னாப் போதும், ஒண்ணக் கையில எடுத்து வெச்சுக்கிட்டு நிப்பாரு. வாங்கவும் மாட்டாரு, வெக்கவும் மாட்டாரு. பத்திரிக வந்த அன்னிக்கு மனுசன் ரெண்டு தடவ சவரம் பண்ணிக்கிட்டாருங்க!

அதான், நல்லதாக் குடுக்கணும்னு நெனச்சேன். எல்லாரும் எவர்சில்வர் கொடந்தான் தூக்கிட்டு வருவாங்க. அவளுக்கு முட்டி வலி, அருவாமனையில குந்த முடியாது. புது வூட்ல நின்னுக்கிட்டே சமைக்கறாப்பல மேட கட்டியிருக்குதாம். சரி, கத்திதான்னு முடிவு பண்ணேன். அதுக்கும் எங்க சின்னம்மா, கத்தி குடுத்தா ஒறவு அறுந்துரும்ங்குது. ஏற்கெனவே அறுந்ததுதான சின்னம்மா, இன்னும் எங்க அறுக்கறதுன்னேன். இருந்தாலும் கையில குடுக்காம, கீழ வெச்சுத்தான் குடுத்தேன்.

அவளும் சிரிச்ச மொகமாத்தான் எடுத்தா. 'அண்ணி, எம்முட்டிய நெனச்சா வாங்கியாந்தீங்க'ன்னு கண்ணுல தண்ணி வந்துருச்சுங்க அவளுக்கு. வூடு பூரா நாப்பது பேரு. சாமியாரு தீர்த்தம் தெளிச்சுட்டு பக்கத்துல நிக்கறாரு. ஒரு தக்காளிய மேட மேல வெச்சு அமுக்குனா பாருங்க… அறுக்கல! நசுங்கி, சாறு பீச்சியடிச்சு, சாமியாரு வெள்ள அங்கி பூராத் தக்காளி! நல்ல மனுசன், பரவால்லம்மான்னாரு. கத்தி ஒழுங்கா இருந்தா இப்பிடி ஆவுமா? சொல்லுங்க, நாயத்தச் சொல்லுங்க.

என்னது? அன்னிக்கு வெள்ளரிக்காய நல்லாத்தான அரிஞ்சுதா? அரிஞ்சுதுங்க, யாரு இல்லேன்னா. இங்கிருந்து போறப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நேராப் பேரு வெட்டத்தான போனேன்… பின்ன? பேரு வெட்டாம யாராச்சும் சாமான் குடுப்பாங்களா? நாளைக்கு இது யாரு குடுத்ததுன்னு எப்பிடித் தெரியும்? பாத்திரக்கட வாசல்ல உளியும் சுத்தியுமாக் குந்தியிருப்பாரே பச்சியப்பன், அவருகிட்டத்தான். வூட்டுக்காரரு பேரு, எம்பேரு, புள்ளைங்க அஞ்சு பேரு, ஊரு, தேதி… 'அம்மா, எடம் பத்தாது, கத்தி கூரு போயிரும்'னாரு. கூரு வரைக்கும் எறக்கி வெட்டுங்க, எங்கடைசிப் பையன் பேர உட்டுட்டா அழுவான்னு நாந்தான்… சரி, சரி. பல்லு பல்லாப் போயிருச்சு. ஒத்துக்கறேன். ஆனா அதுக்காக அவ கோச்சுக்கலீங்க!

பின்பக்கம் சும்மாத்தான கெடந்துச்சு. அதுல ஒரு ரெண்டு வரி வெட்டச் சொன்னேன். சமாதானத்துக்குத்தான். சாமியாரு அங்கியத் தொடச்சுக்கிட்டே கத்திய வாங்கித் திருப்பிப் பாத்தாரு. ஏதோ வேத வசனம்னு நெனச்சுக்கிட்டு, பூசையில படிக்கறாப்பல, இழுத்து, நிறுத்தி, சத்தமாப் படிச்சுட்டாருங்க. நாப்பது பேரு முன்னால!

நீங்க திருப்பிப் பாக்காதீங்க. வேணாம்ங்க… படிச்சுட்டீங்களா? 'ராஜமேரி, உன் மகள் கல்யாணத்தில் சாம்பார் தண்ணியாக இருந்தது என்று நான் சொன்னதை மறந்துவிடு. ஆனால் சொன்னது உண்மை.' அதக் கேட்டுட்டு, பின்னாலிருந்து ஒரு பெரியவரு 'ஆமென்'னு வேற சொல்லிட்டாருங்க.

சிரிங்க, நல்லாச் சிரிங்க. அவ சிரிக்கலியே! மறுநாளே கத்தியக் கண்டக்டர்கிட்டக் குடுத்து பஸ்லயே திருப்பி அனுப்பிச்சுட்டா. எங்க வூட்டுக்காரரு எட்டு நாளா எங்கூடப் பேசலீங்க. சோறு போட்டா 'போதும்'னுகூடச் சொல்றதில்ல, கையக் குறுக்க நீட்டறாரு. ஏசுனாக்கூடப் பரவால்ல… இது தாங்கல எனக்கு. நாஞ்செஞ்சதுதான், தெரியாமயா இருக்கறேன்?

அதனால வேற கத்தி ஒண்ணு எடுங்க. இந்தவாட்டிப் பேரு வெட்டல. மாதாவாண வெட்டல. 'மன்னிச்சுக்க'ன்னு மட்டும், பிடியோரமா, சின்னதா…

என்னங்க? கத்தியே வேணாமா? நேராப் பஸ் ஏறிப் போயி, அந்த ஒரு வார்த்தைய அவகிட்ட வாயால சொல்லிட்டு வந்துரணுமா?

நல்லாச் சொன்னீங்க, போங்க. எனக்கு எங்கங்க பேச வருது!