'குரூப்' என்றொரு பெயர்

பெயர் வைக்கிற விஷயத்தில் நான் கொஞ்சம் கறார் பேர்வழி. ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவில் எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நீங்களும் விசாரித்திருப்பீர்கள்.

டேட்டாபேஸ் சில சொற்களைத் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது, ஐயா. 'குரூப்' அதில் ஒன்று. அதையே ஒரு கட்டத்துக்குப் பெயராக வைத்தால், தகவலைக் கேட்டு எழுதும் ஒவ்வொரு குவரியிலும் அதை மேற்கோள்குறிக்குள் போட வேண்டும். மறந்தால் 'சின்டாக்ஸ் எரர்' என்று முரண்டு பிடிக்கும், பதில் தராது. நோயாளிகளின் ரத்த வகை இருக்கும் கட்டத்துக்கு என் தங்கை கணவர் அந்தப் பெயரைத்தான் வைத்தார். அவரை அங்கே சேர்த்துவிட்டதே நான். பிறகு அவர் எனக்கே மேலதிகாரி ஆனார்.

"மாப்பிள்ளை, இது வேண்டாம். வேற பேர் வைங்க" என்றேன்.

"ஒரு குறி போட்டா முடிஞ்சுது மச்சான். இதுக்குப் போய் ஒப்பாரி வைக்கிறீங்களே?"

அறையே சிரித்தது. வீட்டில் தங்கையிடமும் சொல்லியிருக்கிறார். அவளும் சிரித்தாள். அது எனக்கு வலித்தது, மறைக்கவில்லை.

அவசரப் பிரிவின் குவரியைத் திருத்தும்போது அவர் குறியை விட்டுவிட்டார். ரத்தத்தைச் சோதிக்க நேரமில்லாதபோது மட்டும் பார்க்கிற திரை அது. எரர் வருகிறது என்று நர்ஸ் என்னிடம்தான் சொன்னார். குறி போட ஒரு நொடி போதும். ஆனால் அவர் தப்பை நான் ஏன் பூசி மெழுக வேண்டும்? எரரைக் காட்டாமல், முன்பு வந்த நோயாளியின் ரத்த வகையையே காட்டும்படி மாற்றினேன். "சரி பண்ணிட்டேன் சிஸ்டர்" என்றேன். என்றாவது தப்பு வெளியே வரும், அவர் தலைகுனிவார் என்று காத்திருந்தேன். எனக்குப் பொறுமை உண்டு.

பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் தங்கையை அங்கே கொண்டு வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் அழுதுகொண்டிருந்தார். அவர் முதுகைத் தடவிக் கொடுத்தேன். உள்ளே திரையைப் பார்த்து ரத்தம் ஏற்றினார்கள். பையில் ஒட்டியிருந்த எழுத்தைக் கண்ணாடி வழியே படித்தேன். அவளுடையது அல்ல. பை காலியாகும்வரை நகரவில்லை. அவளைத் தனியே விட்டு வர மனம் வரவில்லை.

சாயங்காலம் அவள் போய்விட்டாள். குழந்தை நன்றாக இருக்கிறது. "எல்லாம் என் தப்பு மச்சான்" என்று மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். நான் மறுக்கவில்லை.

தங்கையின் ரத்த வகை எனக்கு மனப்பாடம், ஐயா. யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.