என் வீட்டு ஃபிரிட்ஜும் அங்கம்மாளின் மஞ்சள் அட்டையும்

இந்தத் தெருவின் நல்லதுக்கும் கெட்டதுக்கும் முதல் ஆளாய் முன்னே நின்று, இன்று நம் நலச்சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, கையில் தீர்மானத் தாளோடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் அண்ணன் புருஷோத்தமன் அவர்களே. முன்வரிசையை நிறைத்திருக்கும் மூத்தோர்களே. அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்து அமர்ந்திருக்கும் அன்னையர்களே. வண்டியில் சாய்ந்தபடி, இந்தக் கிழவன் எப்போது முடிப்பான் என்று செல்போனில் மணி பார்க்கும் செல்வங்களே. ஆறு மாதமாக என்னோடு பேசாதிருக்கும் என் அருமைச் சாரம் பகுதி மக்களே, உங்கள் எல்லோருக்கும் பாத்திரக்கடை உசேனின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் சிரிப்பு என் காதில் விழுகிறது. அதற்காகவே இன்னொரு வணக்கம் சொல்லலாம்.

பத்தொன்பது ஆண்டுகளாக இந்த மேடையில் நன்றியுரை என்னுடையது. இந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது, தீர்மானத்தை முன்மொழிய வேண்டுமாம். போன வாரம் தலைவர் என் கடைக்கே வந்தார். "உசேனு, ரெண்டே வரிதான். நீ முன்மொழிஞ்சிட்டன்னா சனங்க பழச எல்லாம் மறந்துடும். மறுநாளே எல்லாரும் உன்கிட்ட பேசிடுவாங்க" என்றார். அவர் மனசு நல்ல மனசு. எனக்காகத்தான் சொன்னார்.

தீர்மானம் என்ன? நம் தெருவில் உள்ள அத்தனை வீட்டுக்கும் சிவப்பு ரேஷன் அட்டை வேண்டும். தெருமுனையில் அரசாங்கச் செலவில் அலங்கார வளைவு வேண்டும். சிவப்பு ஏழைக்கு, மஞ்சள் வசதியுள்ளவனுக்கு. நம் தெருவிலோ மாடி மேல் மாடி, வாசலுக்கு இரண்டு வண்டி, ஆனால் பல வீட்டில் அட்டை இப்போதே சிவப்பு, மிச்ச வீட்டுக்கும் வேண்டுமாம்.

நான் செய்த குற்றம் உங்களுக்குத் தெரியும். ஆறு மாதத்துக்கு முன் என் சிவப்பு அட்டையைத் திருப்பிக் கொடுக்க ரேஷன் அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த எழுத்தர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பெரியவரே, பேரு சேக்க ஃபாரம் இருக்கு. செத்துப்போனா பேரு எடுக்க ஃபாரம் இருக்கு. வசதி வந்துடுச்சுன்னு சொல்ல எங்ககிட்ட ஃபாரம் இல்ல. வெள்ளைத்தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். நான் வீடு திரும்பும் முன்னே சேதி தெருவுக்குத் திரும்பிவிட்டது. ஒருவன் கொடுத்தால் எல்லா வீட்டையும் சோதிக்க வருவார்களே என்று உங்களுக்குப் பயம். அன்று அடைத்த கதவுகள் இன்னும் திறக்கவில்லை.

டீக்கடையில் நான் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகிறது. என் ஷரீபா உயிரோடு இருந்த காலத்தில் ரமலான் மாதம் எங்கள் வாசலில் நோன்புக் கஞ்சிக்குத் தூக்குவாளிகள் வரிசை கட்டும். இந்துவா, கிறிஸ்தவரா என்று கஞ்சி கேட்டதில்லை. இந்த ரமலானில் முதல் நாள் அண்டாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். ஒரு தூக்குவாளியும் வரவில்லை. மறுநாள் ஒரு சின்னச் சட்டியில் ஒரு ஆளுக்குக் காய்ச்சினேன். மனைவி போன வீட்டில் இருக்கப் பழகிக்கொண்டேன். தெருவே போன வீட்டில் இருக்க என்னால் முடியவில்லை. அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே ஆசை இருக்கிறது, ஐயா. இரண்டு வரி படித்துவிட்டால் போதும், என் தெரு எனக்குத் திரும்பிவிடும். ஆனால் நாக்கு எழவில்லை.

அரசாங்கத்துக்கு வயல் இருக்கிறதா? வலை இருக்கிறதா? அது ஏர் பிடித்ததுண்டா, கடலில் இறங்கியதுண்டா? அதன் கையில் இருப்பதெல்லாம் நம் கையில் இருந்து எடுத்தது. நான் ஒரு குடம் விற்றால் வரி. அந்தக் குடத்தை விளக்கச் சோப்பு வாங்கினால் வரி. அடுப்பு பற்றவைக்கத் தீப்பெட்டி வாங்கினால் அதற்கும் வரி. கேட்கிற வாய் பெருகப் பெருக எடுக்கிற கை நீளும். நீண்ட கை நம் பையில்தான் நுழையும், வழியில் சிந்தியது போக மிச்சத்தை நம்மிடமே நீட்டி, கும்பிடு என்று சொல்லும். நாமும் கும்பிடுகிறோம்.

சாலை கேளுங்கள், சாக்கடை கேளுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன். வளைவு எதற்கு? வெயிலுக்கு நிழல் தருமா, மழைக்கு ஒதுங்க இடம் தருமா? கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை இது. தேங்காய் எந்தக் கடையுடையது என்பதைத்தான் மறந்துவிட்டோம். அது நம் கடை. வளைவு வேண்டுமென்றால் நாம் காசு போட்டுக் கட்டுவோம். நம் வயிற்றுக்கு நாம் பொறுப்பு, நம் வாசலுக்கு நாம் பொறுப்பு, நம் பக்கத்து வீட்டுக்காரன் பசித்திருந்தால் அதற்கும் முதலில் நாம்தான் பொறுப்பு.

என்ன, கொளஞ்சி? எழுந்தே கேளுங்கள். "உங்களுக்கு இருக்குது பாய். இல்லாதவன் என்னா பண்ணுவான்?" என்கிறார். நல்ல கேள்வி. கைதட்டுங்கள் அவருக்கு. இல்லாதவருக்குப் போகவேண்டியதை இருக்கிறவன் ஒருவன் பதினோரு ஆண்டு தின்றிருக்கிறான். அதைச் சொல்லத்தான் இந்த மைக்கைப் பிடித்தேன்.

கணக்கெடுக்க ஆள் வருகிறார்கள் என்றால் நம் தெருவில் என்ன வழக்கம்? வண்டிகள் கல்யாண மண்டபத்துக்குப் போகும். வாஷிங் மெஷின் மேல் போர்வை விழும். பதினோரு ஆண்டுக்கு முன் அப்படி ஒரு சேதி வந்தபோது, என் ஃபிரிட்ஜையும் ஸ்கூட்டரையும் தெருக்கோடியில் மீன் விற்கும் அங்கம்மாள் அக்காவின் ஒற்றை அறையில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வீட்டுக்குள் போய் யார் பார்க்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அந்த வீட்டுக்குத்தான் முதலில் போனார்கள்.

"இது யாருது?" என்று கேட்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொல்லியிருந்தால் நான் மாட்டியிருப்பேன். "எங்களுதுதான்" என்றார் அக்கா. எனக்குச் சிவப்பு அட்டை வந்தது. கணவனை இழந்து, கூடை சுமந்து பிழைத்த அவருக்கு மஞ்சள் அட்டை வந்தது. கணக்கெடுத்தவர்கள் போன அன்று சாயங்காலமே நான் ஃபிரிட்ஜையும் ஸ்கூட்டரையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

அக்காவுக்கு மஞ்சள் அட்டை வந்தது எனக்கு எப்போது தெரிந்தது? போன வருடம் அவருக்கு உடம்புக்கு முடியாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். சலுகைக்குச் சிவப்பு அட்டை கேட்டார்கள். அவர் மடியிலிருந்து மஞ்சளை எடுத்தார். "ஏன்க்கா மஞ்சள்?" என்றேன். "உன் பிரிஜ்ஜிதான்டா தம்பி" என்று சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பை என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

அட்டையைத் திருப்பிக் கொடுத்த என்னை யோக்கியன் என்று நினைத்துத்தான் ஒதுக்கினீர்கள். அந்தப் பெருமைகூட எனக்குப் பொருந்தாது. வெள்ளைத்தாளில் நான் எழுதியது "வசதி வந்துவிட்டது" என்பது மட்டும். வசதி அன்றைக்கே இருந்தது, அதை ஓர் ஏழையின் வீட்டில் ஒளித்தேன் என்று எழுதவில்லை. அரசாங்கம் வீணடிக்கிறது என்று முழங்கிய இந்த வாய், தான் வாரித் தின்றதை விழுங்கிவிட்டது. அக்கா, இத்தனை பேர் முன்னால், இந்த மேடையில்...

என்ன அக்கா? இருங்கள், மைக் இல்லாததால் பின்னால் கேட்கவில்லை. அவர் சொன்னதை நானே சொல்கிறேன். "எம் பேர ஏன்டா மேடையில இழுக்கற? பதினோரு வருசமா நான் யார்கிட்டயாவது சொன்னேனா? சொல்லணும்னா அந்த ஆபீசுல போய் சொல்லு. இங்க சொன்னா உனக்குக் கை தட்டுவாங்க. எனக்கு என்னா வரும்?"



கை தட்டாதீர்கள். தயவுசெய்து வேண்டாம். தலைவர் அவர்களே, தாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், முன்மொழிய வேறு ஆள் பாருங்கள். திங்கட்கிழமை அந்த அலுவலகம் திறக்கும்போது நான் வாசலில் நிற்பேன். ஃபிரிட்ஜ் யாருடையது என்று எழுதிக் கொடுப்பேன். அபராதம் போட்டால் கட்டுவேன், வழக்குப் போட்டால் நிற்பேன். கூட யாரும் வர வேண்டாம்.

அக்கா எழுந்து போகிறார். எழுதும்போது அவர் பெயரையும் எழுத வேண்டியிருக்கும். அதற்குச் சம்மதம் கேட்க நினைத்தேன், அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டார். நாளைக் காலை அவர் வீட்டுக்குப் போய், மைக் இல்லாமல் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவு நேரம் உட்கார்ந்து என் பேச்சைக் கேட்டீர்கள். இந்த ஆறு மாதத்தில் என்னோடு இவ்வளவு நேரம் யாரும் இருந்ததில்லை. அதற்கு என் நன்றி. வணக்கம்.