தென்னேரிச் சேற்றில் ஏழு நிமிடம்

உத்திரமேரூரில் நல்ல காபி கிடைக்காது. ஹார்ட்வேர் கடை அஸ்லம் வாங்கிக் கொடுத்ததும் கழுநீர்தான். அவனிடம் ஒரு படச்சுருள் இருந்ததால் குடித்துத் தொலைத்தேன். பேசாப் படக் காலத்தது, ஏழு நிமிடம் ஓடும், வேறு பிரதி கிடையாது. பழைய சுருள்களை வைத்துப் பரிசோதனைப் படம் எடுப்பது என் தொழில். இப்படியொன்று சிக்கினால் விடுவேனா?

“அத்தா பொறக்கறதுக்கு மின்னாடியே அவரப் பெத்த தாதா மவுத்தாயிட்டாரு சார். ஒரு போட்டோகூட இல்ல. இதுல நடிச்சிக்கீறாராம். அத்தாவுக்குத் தொண்ணூத்தி மூணாவுது. கண்ண மூடறதுக்குள்ள ஒருதபா காட்டிடு சார்” என்றான்.

காட்டுகிறேன் என்றேன். சென்னையில் கொடுத்தால் இரண்டே நாளில் பிரதி எடுத்துத் தருவார்கள். நான் கொடுக்கவில்லை. பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மூலத்தை மண்ணில் புதைத்து அழுகவிடுவது வெறும் ஜிகினா வேலை. இந்தத் துறையில் மற்றவர்கள் அதைத்தான் செய்கிறார்கள், கோழைகள்.

தென்னேரி ஏரிக்கரைச் சேற்றில் குழி தோண்டப் பொன்னனைக் கூலிக்கு வைத்தேன். அவன் சுருளின் நுனியைப் பிரித்து வெயிலில் தூக்கிப் பிடித்தான். “ஆள் மூஞ்சி தெரியுது சார். சிரிச்சிக்கினு கீறாரு, நீயே பாரு. இத்த இன்னாத்துக்குப் பொதைக்கிற?”

குழி தோண்டுகிறவனுக்குக் கலையை விளக்க எனக்குப் பொறுமை இல்லை. வேலையைப் பார் என்று சொல்லித் திரும்பிக்கொண்டேன்.

நாற்பது நாளில் சேறு எல்லா முகங்களையும் தின்றுவிட்டது. மிச்சமிருந்த கறைகள் அற்புதம், அவற்றையே படமாக்கினேன். வெளிநாட்டு விழாவில் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்தக் கூட்டத்துக்கும் ஒரு மண்ணும் புரிந்திருக்காது.

அஸ்லம் தினமும் போன் செய்து பேஜார் பண்ணினான். வேறொரு பழைய படத்திலிருந்து எவனோ ஒரு துணை நடிகனை வெட்டியெடுத்து லேப்டாப்பில் கொண்டுபோனேன். அஸ்லமின் அத்தா மக்பூல் திரையைத் தடவித் தடவிப் பார்த்தார். “என் மூக்கேதான் கீது, பாருடா” என்று அழுதார். திரைக்கு முத்தம் கொடுத்தார். அதை க்ளோசப்பில் எடுத்துக்கொண்டேன், அடுத்த படத்துக்கு ஆகும். இரண்டு வாரத்தில் நிம்மதியாகப் போய்ச் சேர்ந்தார். அஸ்லம் அந்த நடிகனைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டி, ஆணி வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறான். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்த முகம் எப்படியிருந்தது என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்பதால் ஒன்று சொல்கிறேன். புதைப்பதற்கு முன் அந்த மனிதரின் முகத்தை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் புதைக்க மனம் வராது என்று எனக்குத் தெரியும்.