தஷ்தான்பெக் பரிந்துரைத்த முப்பத்தொரு படங்கள்

டாக்ஸி ஸ்டாண்டின் இந்தத் தேநீர்க்கடைக் கட்டிலை மேடையாகப் பாவித்து அமர்ந்திருக்கும் எங்கள் ஸ்டாண்டின் மூத்தவர் கதீர்பாய் அவர்களே! நாற்பதாம் நாள் ஓதலை முடித்துவிட்டு இப்போது ஆட்டுத் தொடை எலும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் பள்ளிவாசல் மொல்தோ அவர்களே! பிஷ்கேக்கிலிருந்து ஓஷ் வரையிலான அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டரையும் உட்கார்ந்தே அளந்து தேய்ந்துபோன ஓட்டுநர் சகோதரர்களே! அவர்களிடம் அகப்பட்டு அளக்கப்பட்ட பயணிகளே! கண்ணைத் துடைத்தபடியே சமோவாரில் கரி போட்டுக்கொண்டிருக்கும் என் தங்கை புருல்கானே! அனைவருக்கும் ஒஸ்மோனாலியின் சலாம்.

யாரை இழந்து இங்கே கூடியிருக்கிறோம்? ஏழு சீட்டு வண்டி ஓட்டிய ஓர் ஓட்டுநரையா? இல்லை! சக்கரத்தின் மேல் நடந்த ஒரே சினிமாக் கொட்டகையை இழந்திருக்கிறோம்! சதிப்படங்களின் சக்கரவர்த்தி, என் தங்கையின் கணவன், என் மச்சான் தஷ்தான்பெக்கை இழந்திருக்கிறோம்! அவன் போன செய்தி கேட்டு தோக்தோகுல் ஏரியில் நீர்மட்டம் இரண்டு விரற்கடை உயர்ந்தது. மீன்கள் அழுதிருக்கின்றன. நான் ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்தேன், உப்புக் கரித்தது.

அவன் செய்த சேவை என்ன? இருக்கும் படத்தைப் பார்க்கச் சொல்ல யாராலும் முடியும். பன்னிரண்டு மணி நேரப் பயணத்தில், ஏறிய ஆளின் முகத்தைப் பார்த்து, அவருக்கு வேண்டிய படத்தை வைத்தியர் மருந்து கொடுப்பதுபோலக் கொடுத்தவன் அவன். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் ஏறினால் 'உப்பு ரயில்'. ஓய்வு பெற்ற அதிகாரி ஏறினால் 'பதினேழாவது கோப்பு'. மாமியாரோடு வரும் மருமகள் என்றால், கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, "தங்கச்சி, உனக்கு 'அமைச்சரின் இரண்டாவது நாற்காலி'தான் சரி. வீட்டுக்குள்ளேயே ஒற்றாள் இருக்கிற கதை" என்பான். மாமியார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

எல்லாப் படத்துக்கும் ஒரே கதாநாயகன். காராபோரூ என்கிற நடிகன்! உடைந்த மூக்கு. உதட்டில் பற்றவைக்காத சிகரெட். ஒரு முழுப் படத்தில் பதினொரு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டான். என் மச்சான் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவன் புகழ் பாடுவான். "மத்த நடிகனுங்க மூஞ்சியால நடிப்பானுங்க. காராபோரூவுக்கு முதுகு நடிக்கும்! கதவைத் திறந்து வெளிய போவான் பாருங்க, அந்த முதுகுல எழுதியிருக்கும், நாட்டையே வித்துட்டாங்கன்னு!" பின் சீட்டிலிருந்து குரல் வரும்: "அண்ணே, ரோட்டைப் பாருங்க, நாடு அப்புறம் போகட்டும்!"

ஆனால் முடிவை மட்டும் சொல்லமாட்டான். மலைக் கணவாயின் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்துவிட்டு, மௌனமாகிவிடுவான். துரோகி யார் என்று ஏழு பேரும் கத்துவார்கள். "மீதியைப் படத்துல பாருங்க. பாத்தவங்க பாக்காதவங்ககிட்ட முடிவைச் சொன்னா, நாக்கு அழுகிடும்" என்பான். அந்த ஒரு சட்டத்தை இந்தச் சாலையில் போலீஸார்கூட மதித்தார்கள்.

ஜனங்கள் படத்தைத் தேடிப் போனார்கள். வழியில் கரா-பால்தா ஊரில் குறுந்தகடு விற்பவர், ஒரு நாளைக்கு நாற்பது பேர் வந்து கேட்டால் என்ன செய்வார்? கையில் கிடைத்த தகட்டில் 'உப்பு ரயில்' என்று சீட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டார். நூக்காட் ஊர்க்காரர் ஒருவர் அதை வாங்கிப்போய்ப் போட்டால், மூன்று மணி நேரமும் ஒரு கல்யாண வீட்டில் ஆட்டம் பாட்டம். கொதித்துப்போய் ஸ்டாண்டுக்கே வந்துவிட்டார்.

"என்னய்யா இது? சதி எங்கய்யா இருக்கு இதுல?"

என் மச்சான் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "மூணு மணி நேரம் பாத்தும் உங்களால கண்டுபிடிக்க முடியலைல்ல அண்ணே? அப்ப அது எவ்வளவு பெரிய சதின்னு யோசிச்சுப் பாருங்க."

அந்த மனிதர் வீட்டுக்குப் போய் இன்னும் நான்கு தடவை பார்த்தார். மணமகனின் சித்தப்பா மேல் அவருக்கு இன்றுவரை சந்தேகம். அதோ, மூன்றாவது வரிசையில் தலையாட்டுகிறார் பாருங்கள்.

அன்பர்களே, நான் ஏன் உங்கள் முன்னால் நிற்கிறேன்? ஸ்டாண்டில் பாதிப் பேர் என்னோடு கை குலுக்குவதில்லை. கதீர்பாய் பெரியவர் இரண்டு வருஷமாக, நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தன் தேநீர்க் கிண்ணத்தை அடுத்த பக்கம் நகர்த்திக்கொள்கிறார். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காக என் வாயாலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் ஏழு சீட்டு வண்டிதான். அதே கட்டணம், அதே குண்டுகுழி. ஆனால் ஜனங்கள் என் வண்டியைப் பார்த்தபடியே அவன் வண்டிக்காக மூன்று மணி நேரம் காத்திருப்பார்கள். அவனுக்கு நிரம்பியது போக மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு அரை மணி நேரம் பின்னால் போவதே என் பிழைப்பு. பொறாமை வராதா? மலையளவு வந்தது! அந்த மலைக்கு ஒரு கணவாய்கூடக் கிடையாது!

ஒருநாள் ஒரு பயணி என்னிடம் கேட்டார். "அண்ணே, அந்தக் காராபோரூ படம் எங்க கிடைக்கும்?" என் நாக்கு அவிழ்ந்துவிட்டது. ஸ்டாண்டே கேட்கும்படி கத்தினேன். "அப்படி ஒரு படமே இல்ல! அப்படி ஒரு நடிகனும் இல்ல! முப்பது படமும் அந்த ஆள் மண்டைக்குள்ளதான் ஓடுது!"

குடும்ப ரகசியம் அது. எனக்கும் புருல்கானுக்கும் மட்டும் தெரிந்தது. அதை உடைத்துவிட்டு, அவன் வண்டி காலியாகும் என்று காத்திருந்தேன். காலியாயிற்றா? சதிப்படத்திலேயே வளர்ந்த ஜனங்கள் ஐயா இவர்கள்!

"படம் இல்லன்னு ஒருத்தன் இவ்வளவு கத்துறான்னா என்ன அர்த்தம்?" என்றார் ஒருவர்.

"தடை பண்ணிட்டாங்கன்னு அர்த்தம்."

"அப்ப இவன் யாரு?"

"அவங்க ஆளு."

மறுநாள் அவன் வண்டியில் ஏழு பேருக்குப் பதினொரு பேர் ஏறினார்கள். என் வண்டியில் ஓர் ஆடு ஏறியது; அதுவும் தயங்கித்தான் ஏறியது.

ஆனால் தஷ்தான்பெக் என்னிடம் வந்தான். இரண்டே சொல் சொன்னான். "மச்சான், நீயா?"

அதற்குப் பிறகு அவன் என்னோடு பேசவில்லை. இரண்டு வருஷம்! என் தங்கை வீட்டுக்குப் போனால் அவன் கொல்லைப் பக்கம் போய்விடுவான். அது போகட்டும். அவனுடைய முப்பது படங்களிலும் ஒரு புதுப் பாத்திரம் வந்து சேர்ந்தது. கதாநாயகனின் மனைவியின் அண்ணன், கனத்த மீசை, மேல் வரிசையில் ஒரு தங்கப்பல். விஞ்ஞானியை விற்பது யார்? தங்கப்பல்காரன்! பாலத்துக்கு வெடி வைப்பது யார்? தங்கப்பல்காரன்! பார்த்துக்கொள்ளுங்கள், இதுதான் அந்தப் பல். ஒளிக்கவில்லை. வழியில் சூசாமிரில் குதிரைப்பால் விற்கும் அம்மாள் என் கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். "உனக்குக் கிடையாது. அந்தப் பச்சைக் குழந்தையோட அப்பனைக் காட்டிக் குடுத்தவன்தானே நீ?" எந்தக் குழந்தை, எந்த அப்பன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தலைகுனிந்து வந்தேன். குற்றம் என்னமோ செய்தவன்தானே?

பிறகு அந்த நாள். ஆலா-பெல் கணவாய். அரை மணி நேரம் பின்னால் வந்த நான், அவன் வண்டி ஓரத்தில் நிற்பதைப் பார்த்தேன். விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. கைப்பிரேக் போட்டிருந்தது. நெஞ்சில் வலி வந்தும் ஏழு உயிரைப் பத்திரமாக ஓரங்கட்டிவிட்டுத்தான் போயிருக்கிறான். பயணிகள் காற்றில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். என் பயணிகளில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரிடம் அவன் வண்டியைக் கொடுத்து, எல்லோரையும் அதில் அனுப்பினேன். என் பின் சீட்டுகளை மடித்து அவனைப் படுக்கவைத்தேன். தோக்தோகுலில் மருத்துவர் பார்த்து, இதயம் என்று எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து ஓஷ் வரைக்கும் நானும் அவனும். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரே வண்டியில். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, இருவருமே.

ஊர் சும்மா இருந்ததா? "இதயம்னு எழுதியிருக்காங்கன்னா வேற என்னமோ இருக்கு." "யார் வண்டியில வந்துச்சு பாத்தியா?" "பல்லைப் பாத்தியா?"

அடக்கத்தின்போது மொல்தோ வழக்கப்படி மூன்று முறை கேட்டார். "இவர் எப்படிப்பட்ட மனிதர்?" கூட்டம் மூன்று முறை சொன்னது: "நல்ல மனுஷன்!" என் வாய் திறக்கவில்லை. எல்லோரும் கவனித்தீர்கள். கதீர்பாய் பெரியவர் இரண்டு தடவை கவனித்தார். நான் ஏன் சொல்லவில்லை? அவன் என்னைத் துரோகி என்று நினைத்தபடியே போயிருந்தால், துரோகியின் வாயால் வரும் சான்று அவனுக்கு எதற்கு? நாற்பது நாளாக எனக்கு இந்த ஒரு கேள்விதான். சோற்றில் உட்கார்ந்தால் சோற்றில். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ஸ்டியரிங்கில்.

இன்று காலை. சமோவார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். மொல்தோ அவர்கள் பொரித்த மாவுத்துண்டான போர்சோக்கைத் தேன் என்று நினைத்துக் கடுகு விழுதில் முக்கி வாயில் போட்டுக்கொண்டார். மன்னியுங்கள் மொல்தோ, துக்க நாள்தான், ஆனால் சிரித்துவிட்டேன். நாற்பது நாளில் முதல் சிரிப்பு. உடனே ஒரு கை என் மேல்கோட்டைப் பிடித்தது.

தோக்தோகுல் மருத்துவச்சி ஜூராகான் அக்கா. காராபோரூ என்றே பெயர் சூட்டப்பட்ட மூன்று குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி அறுத்தவள். அன்றைக்கு முன் சீட்டில் இருந்தவள்.

"தம்பி, வாயைத் திற" என்றாள்.

"எதுக்கு அக்கா?"

"திறன்னா திற. பிரசவமா பாக்கப் போறேன்?" திறந்தேன். "அட! அன்னிக்கு மலையில மூஞ்சி வரைக்கும் துண்டு சுத்தியிருந்தியே. இந்தப் பல்லு எனக்குத் தெரியாமப் போச்சே!"

"என்ன அக்கா ஆச்சு?"

"அன்னிக்கு அவரு 'ஏழாவது மதகு' சொல்லிட்டு வந்தாரு. அணையோட வரைபடம் காணாமப் போகுது. தங்கப்பல்லுக்காரன் பூட்ஸுக்குள்ள கிடைக்குது. நாங்க எல்லாரும் அவன்தான்னு கத்துறோம். மேல ஏறினதும் வண்டியை ஓரங்கட்டிட்டு அமைதியாயிட்டாரு. வழக்கம்போல நிறுத்துறாருன்னு நாங்களும் பேசாம காத்துக்கிட்டு இருக்கோம் தம்பி! பின் சீட்டுல ஒருத்தர் தயிர்க்கட்டியைக்கூட மெல்லாம கன்னத்துல அடக்கி வச்சிருக்காரு. அப்புறம்தான் வேர்வையைப் பாத்தேன். கையைப் பிடிச்சேன். நாடி இல்லாத மாதிரி இருந்துச்சு. கண்ணாடியையே பாத்துக்கிட்டு இருந்தாரு. ரொம்பக் கீழ, தூரத்து வளைவுல ஒரு வண்டி ஏறி வந்துச்சு."

"என் வண்டி" என்றேன்.

"யாரு வண்டியோ. அதைப் பாத்துக்கிட்டே முடிவைச் சொன்னாரு. வாழ்க்கையில முதல் தடவையா முடிவைச் சொன்னாரு!"

"என்ன சொன்னான்?"

"நீ படம் பாத்துட்டியா?"

"அக்கா!"

"பாக்காதவங்ககிட்ட சொன்னா நாக்கு அழுகிடும். அதான் நாப்பது நாளா யாருகிட்டயும் மூச்சு விடலை."

அன்பர்களே, நான் பொய் சொன்னேன். பார்த்துவிட்டேன் என்றேன். அவள் என் காதோடு வாய் வைத்துச் சொன்னாள்.

"'தங்கப்பல்லுக்காரன் இல்லக்கா. எல்லாரும் அவன்னு நெனச்சாங்க. அவன் வரைபடத்தைக் காப்பாத்தத்தான் ஒளிச்சு வச்சான். கடைசியில காராபோரூ அவன் வண்டியில ஏறித்தான் ஊருக்குப் போறான்.' அவ்வளவுதான் சொன்னாரு. கண்ணை மூடிட்டாரு."

புருல்கான், அழாதே. கரி அணைந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு இதே ஸ்டாண்டில், அப்படி ஒரு படமே இல்லை என்று கத்தினேன். இன்று ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறேன்: இருக்கிறது! முப்பத்தொரு படமும் இருக்கிறது! முப்பத்தொன்றாவதன் பெயர் 'ஏழாவது மதகு'. அதைப் பாருங்கள் என்று உங்கள் அனைவருக்கும் பரிந்துரைக்கிறேன். பொய் என்பவர்கள் என் முன்னால் வாருங்கள். கடைசிக் காட்சியில் வண்டி ஓட்டியது நான்!

நாளை காலை ஆறு மணிக்குத் தஷ்தான்பெக்கின் வண்டி இங்கிருந்து கிளம்பும். ஸ்டியரிங்கில் நான். அந்தச் சாலை ஒரு கிலோமீட்டர்கூடக் கதையில்லாமல் கிடக்காது. காராபோரூ ஓய்வு பெறமாட்டான். அவன் முதுகு தொடர்ந்து நடிக்கும். கணவாயின் உச்சியில் வண்டி நிற்கும். இன்று சொன்னதோடு சரி, இனி எந்த முடிவையும் யாருக்கும் சொல்லமாட்டேன். இது மச்சானின் மேல் ஆணை!

மொல்தோ அவர்களே, எலும்பை வையுங்கள். அன்று கேட்டதை இன்று ஒரு தடவை என்னிடம் கேளுங்கள். கேட்டுவிட்டார். சொல்கிறேன்: நல்ல மனுஷன். நல்ல மனுஷன். என் மச்சான், நல்ல மனுஷன்.

முப்பத்திரண்டாவது படத்துக்கு ஒரு துரோகி வேண்டியிருக்கிறது. தங்கப்பல்காரன் விடுதலையாகிவிட்டான், இடம் காலி. பக்கத்தில் ஆள் உட்கார்ந்தால் தேநீர்க் கிண்ணத்தை நகர்த்தி வைக்கும் வெண்தாடிக்காரர் ஒருவரை யோசித்து வைத்திருக்கிறேன்.

கதீர்பாய் பெரியவரே, எங்கே எழுந்து போகிறீர்கள்? உட்காருங்கள். இஞ்சினை இப்போதுதான் அணைத்திருக்கிறேன்.