பழசைக் கையில கொடுக்கிற கடை

— சும்மா தொட்டுப் பாருங்க சார். கடிச்சிடாது.

— கை அழுக்காகுமேன்னு பார்க்கிறேன்.

— அழுக்கானா சோப்பு இருக்கு. பிரேக் போனாத்தான்... சரி விடுங்க, காலங்காத்தால அந்தப் பேச்சு எதுக்கு. இதான் உங்க வண்டி பிரேக் பேடு. முன்னாடி இடது சக்கரம். இப்பதான் என் கையால கழட்டினேன்.

— தட்டுல வச்சு எடுத்துட்டு வர்றீங்க. ஏதோ பலகாரம் மாதிரி.

— இந்தக் கடையில அதான் சார் வழக்கம். எந்த ஸ்பேரைக் கழட்டினாலும் தட்டுல வச்சு வண்டிக்காரங்க கண்ணுல காட்டிடணும். அப்புறம் பேப்பர்ல சுத்தி டிக்கியிலயே வச்சிருவோம். கொண்டுபோய் யார்கிட்ட வேணா காட்டுங்க. பழசைக் கையில கொடுக்கிற கடைன்னாலே நம்ம கடைதான்.

— ஒளிவுமறைவே இல்லைங்கிறீங்க.

— ஒளிக்க என்ன சார் இருக்கு? இந்த ரூமுக்குச் சுவரை இடிச்சிட்டு எதுக்குக் கண்ணாடி போட்டேன்? உக்காந்த இடத்துல இருந்தே வண்டியைப் பார்த்துக்கலாம், டீயும் குடிக்கலாம். வேற எந்தக் கடையில...

— பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். இந்தப் பக்கம் நல்லாத் தெரிஞ்சுது. நீங்க சக்கரத்தைக் கழட்டினது அந்தப் பக்கம்.

— லிஃப்ட் அப்படி அமைஞ்சு போச்சு சார். அதுக்காக வண்டியைத் தலைகீழாவா தொங்கவிட முடியும்?

— அதுவும் சரிதான்.

— இந்த ஓரத்தைப் பாருங்க. தேஞ்சு தேஞ்சு இரும்பும் இரும்பும் உரசுது. இதை வச்சுக்கிட்டு எப்படித்தான் ஓட்டினீங்களோ. நல்ல நேரம், இங்க வந்தீங்க. யாரு சொல்லி வந்தீங்க சார்?

— வீட்டுல சொல்லுவா.

— அப்படிச் சொல்லுங்க! லேடீஸ் ஒரு கடையை நம்பிட்டா நம்பினதுதான். நம்ம ஆளுங்கதான் பத்துக் கடை ஏறி இறங்கி, பதினோராவது கடையில போய் ஏமாறுவோம்.

— ஆமா. அவ கடையை மாத்தவே இல்ல.

— அப்போ நம்ம பழைய கஸ்டமரா? எந்த வண்டி சார்? முதல்லயே சொல்லியிருந்தா...

— சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. இது இந்த வண்டியில இருந்து கழட்டினதுதானே தம்பி?

— என்ன சார் கேள்வி இது?

— சும்மா கேட்டேன். சொல்லுங்க.

— என் பொண்ணு மேல சத்தியமா சார். போதுமா?

— பிள்ளையை இழுக்காதீங்க. எத்தனை பேரு?

— ஒரே பொண்ணுதான்.

— அப்போ கண்டிப்பா இழுக்காதீங்க.

— ...என்ன சார், ஒரு மாதிரி பேசுறீங்க?

— வெளிய நிக்கிறது என் மச்சான் வண்டி. நேத்துதான் இன்னொரு கடையில முன் சக்கரம் ரெண்டுக்கும் புது பேடு போட்டோம். நான் பக்கத்துலயே குத்துக்கால் போட்டு உக்காந்து பார்த்தேன். தட்டை எதுக்கு மறைக்கிறீங்க, வைங்க. டீ ஆறுது. எடுத்துக்குங்க.

— சார்... தட்டு மாறியிருக்கும். ஒரே நேரத்துல இத்தனை வண்டி நிக்குது பாருங்க. நம்ம ஆளுங்க எதையாவது எடுத்து...

— உங்க கையால கழட்டினதா சொன்னீங்க.

— ஒரு பேச்சுக்குச் சொல்றதுதான் சார்.

— சத்தியமும் ஒரு பேச்சுக்குத்தானா?

— நீங்க யாரு சார்? இன்சூரன்ஸா? இல்ல, செல்லுல படம் பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புற ஆளா?

— செல்லு வண்டியிலயே கிடக்கு. வேணும்னா சட்டையைத் தடவிப் பாருங்க.

— வேணாம் சார். தப்பு நடந்து போச்சு. வண்டியை எடுத்துட்டுப் போங்க, ஒரு பைசா வேணாம். இதோட விட்டுடலாம்.

— இந்தப் பையில ஒரு பொட்டலம் இருக்கு. பிரிங்க.

— என்ன இது?

— பிரிச்சா தெரியும். உங்க கடையில சுத்தினதுதான்.

— ...பேடு.

— எந்த வண்டியோடது?

— பார்த்த உடனே எப்படி சார் சொல்றது?

— நேத்து போன கடையில அந்த ஆளு பார்த்த உடனே சொன்னாரே. நான் எங்க காரு பேரைச் சொன்னதும் சிரிச்சாரு. "சார், இது அந்த வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாது, இது பெரிய வண்டியோடது"ன்னாரு. சின்ன பச்சைக் காரு. பின் கண்ணாடியில கரடி பொம்மை ஒட்டியிருக்கும்.

— நிறைய வண்டி வருது சார், எல்லாத்தையும்...

— உங்களைத் தம்பின்னுதான் கூப்பிடுவா. வரும்போதெல்லாம் உங்க பொண்ணுக்குன்னு எதையாவது தூக்கிட்டு வருவா. கதைப் புத்தகம், ஹேர்பேண்டு...

— ...அக்கா.

— ஆமா. உங்க அக்கா.

— சார், முதல்ல உக்காருங்க சார்.

— நான் உக்காந்துதான் இருக்கேன். நீங்கதான் எழுந்து நிக்கிறீங்க.

— அக்கா விபத்துல போன விஷயம் கேள்விப்பட்டு... வரணும்னுதான் சார் இருந்தேன். கால் வரல.

— அப்போ தெரியும். தெரிஞ்சும் எந்த வண்டின்னு கேட்டீங்க, நிறைய வண்டி வருதுன்னீங்க.

— அதை நினைக்கவே கஷ்டமா இருந்துச்சு சார். ஊரே பேசுச்சே. பொண்ணு ஓட்டிட்டுப் போச்சாம், புதுசா லைசென்ஸ் எடுத்த பொண்ணு, இறக்கத்துல பதறிப்போய் பிரேக்குக்குப் பதிலா ஆக்ஸிலேட்டரை மிதிச்சிருச்சுன்னு...

— ஊரு பேசல. நீ சொன்ன.

— சார்...

— போலீஸ் உன்கிட்டதான் முதல்ல வந்தாங்க. "பிரேக் எல்லாம் புதுசா மாத்தித்தான் அனுப்பினேன், பழசு டிக்கியிலயே இருக்கும் பாருங்க"ன்ன. போய்ப் பார்த்தாங்க. இருந்துச்சு, இந்தப் பொட்டலம். அதோட முடிஞ்சுது. நசுங்கின வண்டியோட சக்கரத்தைக் கழட்டிப் பார்க்கக்கூட ஒருத்தனும் மெனக்கெடல. பழசைக் கையில கொடுக்கிற கடையாச்சே! பொட்டலத்தை என் கையில கொடுத்துட்டு, வண்டியை அப்படியே காயலான் கடைக்கு அனுப்பிட்டாங்க.

— பொட்டலம் மாறிப் போயிருக்கும் சார். அக்கா வண்டியில புதுசுதான்...

— மாறிடுச்சுன்னே வச்சுக்குவோம். அப்போ அவ வண்டியோட பழைய பேடு எங்க?

— வக்கீலைப் பார்த்தீங்களா சார்?

— இல்ல.

— கேஸு ஏதாவது...

— கேஸு போட்டா என்ன ஆகும்? உன் கடையைப் பூட்டுவாங்க. உன் பொண்ணு ஸ்கூல்ல தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கும். அதைப் பார்த்து நான் என்ன பண்ணப் போறேன்?

— அப்போ என்னதான் சார் வேணும் உங்களுக்கு?

— என் பொண்ணு பிரேக்கை மிதிச்சாளா இல்லையா. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியணும்.

— நான் எங்க சார் கூட இருந்தேன்? எனக்கு எப்படி...

— உனக்கு மட்டும்தான் தெரியும். "மிதிச்சேன்பா, மிதிச்சுக்கிட்டே இருந்தேன்பா, நிக்கலப்பா"ன்னா. ஆஸ்பத்திரியில சொன்னா, போலீஸ்கிட்ட சொன்னா, துக்கம் கேக்க வந்தவங்ககிட்ட சொன்னா. எல்லாரும் தலையை ஆட்டிட்டு, வாசலைத் தாண்டினதும் வேற பேசினாங்க. அவ சித்தி நேராவே கேட்டா, "ஏன்டி, பயத்துல மாத்தி மிதிச்சுட்டியா"ன்னு.

— ஐயோ.

— அப்புறம் அவளுக்கே சந்தேகம் வந்துடுச்சு. சாப்பிட உக்காந்தா வலது கால் தரையை அழுத்திக்கிட்டே இருக்கும். சோத்தைப் பிசைஞ்சபடி இருப்பா, வாய்க்குப் போகாது. தூக்கத்துல கட்டில் காலை எட்டி எட்டி உதைப்பா. எழுந்து உக்காந்து, "அப்பா, ஒருவேளை நான்தான் மிதிக்கலையோ"ம்பா.

— போதும் சார்.

— உனக்குப் போதும். எனக்குப் போதல.

— ...அன்னிக்கு பேடு வரல.

— சத்தமாச் சொல்லு.

— பேடு வரல சார். ஸ்பேர் கடைக்காரன் இன்னிக்கு, நாளைக்குன்னு இழுத்துட்டே போனான். அக்காவுக்கோ அவசரம். "பொண்ணு முதல் தடவையா தூரமா ஓட்டப் போறா, வேற எதை விட்டாலும் பிரேக்கை மட்டும் பார்த்துடு தம்பி"ன்னாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல சார். சொன்னா வேற கடைக்குப் போயிருவாங்களோன்னு...

— போயிருப்பா. மாத்திக்கிட்டு உயிரோட இருந்திருப்பா.

— இருந்ததையே தேய்ச்சுத் துடைச்சு மாட்டிட்டேன். ஊருக்குப் போயிட்டு வந்ததும் கூப்பிட்டு, சும்மா ஒரு செக்கப்னு சொல்லி மாத்திடலாம்னு இருந்தேன். வழக்கமா அப்படித்தான் சார் பண்ணுவேன். கூப்பிட்டு மாத்திருவேன். ஏமாத்தணும்னு இல்ல... ஒண்ணும் ஆனதில்ல இதுவரைக்கும்...

— இந்தப் பொட்டலம்?

— பின்னாடி ஒரு டின்னு நிறைய பழசு கிடக்கு. கையில சிக்கினதைச் சுத்தி வச்சேன். எந்த வண்டியோடதுன்னுகூடப் பார்க்கல. அக்காவும் பிரிக்கல. "நீ கொடுத்தா சரிதான்"னு டிக்கியில போட்டுட்டாங்க.

— அவ அப்படித்தான். நீ திரும்ப மாட்டினது எவ்வளவு தேஞ்சிருந்துச்சு?

— கேக்காதீங்க சார்.

— கேக்கத்தான் வந்தேன்.

— சமதரையில ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்காது. இறக்கத்துல... தொடர்ந்து மிதிச்சா சூடேறி... பிடிச்சிருக்காது சார். யாரு மிதிச்சிருந்தாலும் பிடிச்சிருக்காது. நானே ஓட்டியிருந்தாலும் நின்னிருக்காது.

— அப்போ அவ மிதிச்சா.

— மிதிச்சிருக்கும் சார். பாப்பா சரியாத்தான் மிதிச்சிருக்கும். அது மேல ஒரு தப்பும் இல்ல. நான்தான் சார். நான்தான்.

— ம்.

— திட்டுங்க சார். ரெண்டு அறை வேணா விடுங்க.

— கை வரல.

— என்னைக் கூட்டிட்டுப் போங்க சார். ஷட்டரை இறக்கிட்டு இப்பவே வரேன். பாப்பா கால்ல விழுந்து சொல்றேன். அப்படியே ஸ்டேஷனுக்கும் போய் சொல்லிடறேன், என்ன ஆனாலும் ஆகட்டும். ஆனா முதல்ல பாப்பாகிட்ட சொல்லணும் சார், அது இன்னும் ஒரு வேளைகூட அந்த நினைப்போட சாப்பிட உக்காரக் கூடாது. எந்திரிங்க சார்... ஏன் அப்படியே உக்காந்திருக்கீங்க? பாப்பா வீட்டுலதானே இருக்கு?

— போன மாசம் அவளும் அவ அம்மா பின்னாடியே போயிட்டாப்பா. அன்னிக்கு ராத்திரி என் கட்டில்கிட்ட வந்து நின்னு, "நீயாவது என்னை நம்புறியாப்பா"ன்னு கேட்டா... நான் உன் பொட்டலத்தை நம்பிக்கிட்டு, பதில் பேசாம சுவத்துப் பக்கமாத் திரும்பிப் படுத்துட்டேன்.